இரண்டு விரற்கடை உயரம்

அப்பாவுக்கு இடுப்பு போனது, நான் பத்தாவது பரீட்சை எழுதிய வருஷம். குத்தகை நிலத்தில் தான் போட்ட பயிரைத் தானே அறுக்கப் போனார். குத்தகைதாரர் என்று தாலுகா ஆபீசில் அவர் பெயர் பதிவாகியிருந்தது. நிலத்துக்காரரின் ஆட்கள் அதைப் படித்துவிட்டா வந்தார்கள்? வரப்பிலேயே போட்டு மிதித்தார்கள். நெல் மூட்டையைத் தூக்குவதுபோல் நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேஸ் நடந்தது, ஆட்சி மாறியது, மறுபடியும் மாறியது. தெருமுனைக் கொடிக்கம்பங்களுக்குத்தான் புதுப் பெயின்ட் கிடைத்தது. அப்பாவுக்குக் கிடைத்தது சக்கர நாற்காலி.

அதன் பிறகு யாராவது தன்னைத் தூக்கினால் அவருக்கு ஆகாது. அரசாங்கம் கொடுத்த தொகுப்பு வீட்டில் வாசலில் படிகள் இருந்தன. வெளியே வர ஆளைக் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிட மாட்டார். மாதக்கணக்கில் உள்ளேயே கிடப்பார்.

எனக்கு டீச்சர் வேலை கிடைத்ததும் அந்த ஒழுகல் வீட்டை இடித்துப் புதுசாகக் கட்ட ஆரம்பித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"கூடத்தை ஒட்டி வெளியில ஒரு தளம் போடும்மா. உள்ளயும் வெளியிலயும் ஒரே மட்டமா இருக்கணும். நானே உருட்டிக்கிட்டுப் போயி காத்தாட உக்காந்துக்குவேன்."

ஆனால் எங்கள் ஊரில் வெள்ளத்துக்குப் பயந்து உள்தரையை உயர்த்தித்தான் கட்டுவார்கள். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். தளத்துக்கு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்தால் தண்ணீர் ஓடிவிடும் என்று சொல்லிச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். அம்மாவைச் சம்மதிக்க வைத்தது அதைவிடப் பெரிய பாடு. கீழ்க்கட்டை இல்லாமல் கதவு நிலையா, மஞ்சள் குங்குமத்தை எங்கே வைப்பது என்று அழுதாள். கடைசியில் அப்பாவுக்காக விட்டுக்கொடுத்தாள்.

கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்ச வேண்டும் என்று ஒரே அவசரம். ரசமட்டம் வைத்து இரண்டு தரையையும் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். அதற்குமேல் கூடத்துக்கு மட்டும் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டியபோது உள்தரை உயர்ந்துவிட்டது. பால் பொங்கி, பந்தி முடிந்து, அப்பா முதல் தடவையாகக் கதவை நோக்கி உருட்டிக்கொண்டு போய் அங்கேயே நின்றுவிட்டார். வெளித்தளம் இரண்டு விரற்கடை கீழே இருந்தது.

"ரெண்டு விரக்கடை ஒரு ஒசரமா டீச்சர்?" என்றார் மேஸ்திரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் கண்டபடி பேசினேன். உடனே ஒரு சரிவு போட்டுக் கொடுங்கள் என்றேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"பால் காய்ச்சுன தரைடி. விடிஞ்சா மார்கழி. இப்பக் கொத்தக் கூடாது, பூசக் கூடாது. தை பொறக்கட்டும்."

மேஸ்திரியும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதுவரைக்கும் என்று ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டோம். அது வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒருவர் காலால் மிதித்துக்கொண்டால்தான் அப்பா இறங்க முடியும். பத்து தடவை போக நினைத்தால் ஒரு தடவை கூப்பிடுவார். புது வீட்டிலும் அதே கதைதான். கடவுள் மேல் எனக்குக் கோபமில்லை. அம்மா மேல்தான் கோபம், பற்றிக்கொண்டு வந்தது.

மார்கழி பிறந்த ஐந்தாம் நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மழைத் தூறலில் பலகை நனைந்திருந்தது. அப்பா யாரையும் எதிர்பார்க்காமல் தானே இறங்கியிருக்கிறார். பலகை நழுவி, நாற்காலியோடு தளத்தில் கவிழ்ந்திருக்கிறார். பழைய இடுப்பிலேயே மறுபடியும் முறிவு. பக்கத்து வீட்டு ஆட்கள் அவரைத் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றும்போது நான் ஓடிவந்து சேர்ந்தேன். தொடாதீர்கள் என்று அவர் சொல்லவே இல்லை.

இனிமேல் உட்காரவைக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்திலேயே கட்டிலில் கிடத்தினோம். மறுநாள் காலையில் டமார் டமார் என்று சத்தம் கேட்டு ஓடிவந்தேன். மார்கழி இன்னும் பாதிகூடக் கழியவில்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடப்பாரையால் கதவோரத்து டைல்ஸைக் குத்தி உடைத்துக்கொண்டிருந்தாள். சில்லுகள் கட்டிலுக்கடியில் தெறித்தன.

அப்பா படுத்தபடியே தலையைக் கதவுப் பக்கம் திருப்பினார்.

"விடு புள்ள," என்றார். "இனிமே யாரு போகப் போறா?"

அம்மா நிறுத்தவில்லை.