கட்டைக்கு முகம் எந்தப் பக்கம்

"இந்தக் கட்டைக்கு முகம் எந்தப் பக்கம், சொல்லு பாப்போம்?"

தன் மேசைப் பக்கம் யார் வந்து நின்றாலும் அவள் இப்படித்தான் ஆரம்பிப்பாள். கையில் விரல் நீளத்துக்கு ஒரு பிரேக் கட்டை இருக்கும். தகரக் கூடு, அதற்குள் செருகிய கறுப்பு ரப்பர். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். எதிரே தொங்கும் சைக்கிளின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கண்ணை மூடி அதன் சத்தத்தைக் கேட்பாள். இதை எழுதுகிறவனுக்கும் அன்று பதில் தெரியவில்லை. இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

"ஒரு முனை மூடியிருக்கு, ஒரு முனை திறந்திருக்கு. பிரேக் பிடிச்சா சக்கரம் ரப்பரையும் முன்னால இழுத்துக்கிட்டு ஓடப் பாக்கும். மூடின முனை முன்னால இருந்தா சுவர் மாதிரி நின்னு தடுக்கும். மாத்தி மாட்டினா ரப்பர் உருவிக்கிட்டுப் போயிடும். ஓட்டுறவனும் பின்னாலயே போவான்."

சைக்கிள் கம்பெனியில் கடைசி மேசை அவளுடையது. பதினெட்டு வருஷமாக முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் அவள்தான் சரிபார்த்து அனுப்பினாள். கட்டை ரிம்மின் நடுவில் படவேண்டும். கொஞ்சம் மேலே ஏறினால் டயரை அறுக்கும். கீழே இறங்கினால் கம்பிகளுக்குள் நழுவும். கேபிளை இழுத்து முடுக்கி, பிடியை மூன்று முறை ஓங்கி அமுக்கி, புதுக் கேபிள் கொடுக்கிற தளர்வை வாங்கிக்கொண்டு மறுபடியும் முடுக்குவாள். பிரேக்கின் இரண்டு கைகளும் ரிம்முக்கு ஒரே தூரத்தில் நிற்கவேண்டும். ஒரு கை சோம்பேறியாக நின்றால், "இவன் ஒருத்தனே உழைக்கணுமா? நீயும் வாடா" என்று நடு போல்ட்டை ஒரு முடியளவு திருப்புவாள்.

அவளுடைய இடது கட்டைவிரல் நகம் மட்டும் நீளமாக இருக்கும். ரிம்முக்கும் கட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளப்பது அந்த நகத்தால்தான். இன்னொரு அளவுகோல் மாத்திரைப் பெட்டி. கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொட்டால்தான் பிரேக் கத்தாது. அதற்காக, போல்ட்டை முடுக்கும்போது கட்டையின் பின்முனையில் ஒரு துண்டு அட்டையைச் சொருகிவிட்டுப் பிறகு உருவிவிடுவாள். அவள் கணவருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரை வரும் பெட்டியின் அட்டைதான் அதற்குச் சரியான கனம். "நான் மாத்திரை போடுறது எனக்காகன்னு நினைச்சீங்களா? இவ பிரேக்குக்காக" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கம்பெனியில் அவளுக்குப் பெயரே அட்டையக்கா.

வீட்டிலும் அவளுக்கு எல்லாவற்றுக்கும் முகம் உண்டு. செருப்பு வாசலைப் பார்த்து நிற்கவேண்டும். குவளையின் பிடி வலப்பக்கம் இருக்கவேண்டும். சீப்பைக் கவிழ்த்து வைத்தால் திருப்பி வைத்துவிட்டுத்தான் தலையே வாருவாள்.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. வளர்த்தது அவள்தான். எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைக்காதவனை, மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கம்பெனியின் விற்பனைக் கடையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். பெட்டியில் வரும் சைக்கிளைப் பிரித்து, முன்சக்கரம் மாட்டி, ஹேண்டில்பாரை நேராக்கி வாங்குகிறவரிடம் கொடுப்பது அவன் வேலை. அதில் என்ன தவறு நடந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

போன வருஷம் ஒரு தபால்காரப் பெண் பாலத்துச் சரிவில் இறங்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தாள். ரப்பர் உருவிக்கொண்டு தெறித்தது. விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்தது, முன்பற்கள் இரண்டு போயின. சைக்கிள் வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

நெளிந்த சைக்கிளைக் கம்பெனிக்குக் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் சாய்த்து வைத்தார்கள். அட்டையக்கா பத்தடி தூரத்திலேயே கண்டுகொண்டாள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பின்பக்கம் திரும்பியிருந்தது. அதன் முன்னால் இருக்கவேண்டிய பிரேக், ஃபோர்க்குக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. பெட்டியில் இடத்தை மிச்சம் பிடிக்க முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கைத் திருப்பித்தான் அடைப்பார்கள். கடையில் பிரிக்கிறவன் அதை நேராக்கவேண்டும். இவன் ஃபோர்க்கை அப்படியே விட்டுவிட்டு ஹேண்டில்பாரை மட்டும் முன்னால் திருப்பியிருக்கிறான். அதோடு அவள் சரியாக மாட்டிய கட்டைகளுக்கும் முகம் திரும்பிவிட்டது. மூடிய முனை பின்னால் போய், திறந்த முனை முன்னால் வந்துவிட்டது. இருக்கைக்குக் கீழே தொங்கிய கடைச் சீட்டில், மாட்டியவர் என்ற இடத்தில் தம்பியின் கையெழுத்து இருந்தது.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்கு வந்தான். சாப்பிடச் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, என்னைத் தூக்கிட்டா இனி எவனும் சேர்த்துக்க மாட்டான். உனக்கென்ன, பதினெட்டு வருஷம். உன் மேல யாரு கை வைக்கப் போறா?"

"எத்தனை வண்டிடா இப்படி மாட்டினே?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு."

கணவர் அடுத்த அறையிலிருந்து, "சக்கரம் வட்டம்கிறதாவது தெரியுமா மாப்ளே?" என்று கேட்டார்.

"நாளைக்கே போய் வித்த வண்டியெல்லாம் கூப்பிட்டுப் பாரு. பிரேக் ஃபோர்க்குக்குப் பின்னால நின்னா திருப்பி மாட்டு. அதைச் செய்றதா இருந்தா நான் வாயைத் திறக்கல" என்றாள்.

"சத்தியமாக்கா" என்றான். பிறகுதான் சாப்பிட்டான். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

விசாரணையில் மேனேஜர் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். கட்டையின் முகத்தைப் பற்றி யாரோ அவருக்குப் போனில் பாதி சொல்லியிருந்தார்கள்.

"திறந்த பக்கம் முன்னால இருக்கேம்மா. நீ மாட்டினதுதானே இது?"

"நான் மாட்டினதுதான் சார்."

"அப்ப தப்பு யாருது?"

அவள் தரையைப் பார்த்தாள். சூப்பர்வைசர் சைக்கிளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவளே சொல்லாததைத் தான் ஏன் சொல்லவேண்டும் என்பதும் புரிந்துவிட்டது. கடையின் சார்பாக வந்திருந்த தம்பியைக் கேட்டார்கள். அவன் பேசாமல் இருந்திருந்தாலே போதும்.

"பெட்டியைப் பிரிக்கும்போதே கட்டை மாறித்தான் சார் இருந்துச்சு. அக்கா மாட்டினதாச்சேன்னு நான் கேக்கல" என்றான்.

பிரேக் மேசையிலிருந்து அவளை எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். முதல் வாரமே அந்த நீள நகம் ஒரு பெட்டியில் அடித்திருந்த கம்பிப் பின்னில் மாட்டிக் கிழிந்தது.

ஆஸ்பத்திரிக்கும் ஒருநாள் போனாள். தபால்காரப் பெண் தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பல் போன இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே, "அந்தக் கட்டையை மாட்டினது நீங்கதானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"நல்லா மாட்டியிருக்கலாம்ல?"

நல்லாத்தான் மாட்டினேன் என்பதைத் தவிர அவளிடம் வேறு பதில் இல்லை. அதைச் சொல்லாமல் திரும்பி வந்தாள். வாங்கிப் போன பழப்பையை அந்தப் பெண்ணின் அண்ணி வாசல்வரை வந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று எழுந்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினாள். பள்ளிக்கூடப் பையோடு ஒரு சின்னப் பெண் புதுச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். பிரேக் ஃபோர்க்குக்குப் பின்னால் இருந்தது. கம்பெனியின் வண்டிதான். பஸ் அடுத்த நிறுத்தத்தில்தான் நின்றது. அவள் இறங்கித் திரும்பி ஓடிவந்தபோது தெருவில் சைக்கிள் இல்லை. இரண்டு தெரு சுற்றினாள். ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டாள். "என்னம்மா, திருட்டு வண்டியா?" என்று அவர் கேட்டார்.

அங்கிருந்தே தம்பிக்குப் போன் செய்தாள். "கூப்பிட்டுப் பாக்குறேன்னியே?"

"எல்லாரையும் எப்படிக்கா கூப்பிடுறது? விடு, யாரும் வந்து கேக்கலயே" என்றான். கூடவே, கடையில் தன்னை ஹெட் ஃபிட்டர் ஆக்கிவிட்டதையும் சொன்னான்.

மறுநாள் அவள் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டை, ஃபோர்க், கையெழுத்து, ஒன்றும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்கு ஏம்மா சொல்லல?"

"தம்பியாச்சே சார்."

"இன்னிக்கு மட்டும் தம்பி இல்லயா? மேசை போன ஆத்திரத்துல பேசுறே. போ, போய் வேலையைப் பாரு."

அந்த நெளிந்த சைக்கிளை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருந்தார்கள்.

இப்போது அவள் முந்தானையில் ஒரு சாக்பீஸ் துண்டு முடிந்திருக்கிறது. பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் குனிந்து, ஃபோர்க்கின் ஒரு பக்கத்தில் "இது முன்னால" என்று எழுதுகிறாள். கறுப்புப் பெயின்ட்டில் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிகிறது. புது வண்டியில் கிறுக்கல் இருந்தால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கடையிலிருந்து புகார் வந்தது. புகாரில் ஹெட் ஃபிட்டரின் கையெழுத்து இருந்தது. அதனால் சூப்பர்வைசர் ஈரத்துணியோடு பின்னாலேயே வந்து துடைக்கிறார். துடைத்தபின், அவர் அடுத்த பெட்டிக்குப் போகும்வரை அவள் காத்திருக்கிறாள். பிறகு மறுபடியும் குனிகிறாள்.

எல்லாப் பெட்டிக்கும் மறுபடி குனிய நேரம் கிடைப்பதில்லை. ஆகவே இதைப் படித்தவர்கள் சைக்கிள் வைத்திருக்கும் ஒருவரிடமாவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவர் வண்டியின் முன்னால் போய் நின்று, பிரேக் ஃபோர்க்குக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.