திறப்புப் பலகை

பலகைகள் தவாளிப்பில் உரசி நகரும் சத்தம் கேட்டால்தான் சாவகச்சேரிச் சந்தையடிக்கு விடிந்தது என்று அர்த்தம். அன்றைய கடைகளுக்கு மடிக்கும் கதவுகள் இல்லை. வாசலின் மேலும் கீழும் நீளப் பள்ளமாக வெட்டிய தவாளிப்பில் பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, பூட்டுக் கொளுவும் கடைசிப் பலகையால் அடைப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குத் "திறப்புப் பலகை" என்று பெயர்.

மலாயாவில் உழைத்துப் பென்சனோடு திரும்பிய ஒருவர் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய அந்த மாடிக் கட்டடத்தை ஊரார் "பென்சனியர் மாடி" என்றார்கள். மேலே ஒரு சட்டத்தரணியின் அறை, கீழே மருந்துக்கடை, தேத்தண்ணிக்கடை, மூலையில் அப்பா வாடகைக்கு நடத்திய புடவைக்கடை. கல்யாணம், கோயில் திருவிழா, கிறிஸ்தவர்களின் நத்தார் எதுவென்றாலும் தென்மராட்சிச் சனம் அங்கேதான் ஏறி இறங்கியது. குழந்தைகளுக்குத் துணி வெட்டும்போது அப்பா கேட்ட அளவுக்கு மேல் ஒரு சாண் விட்டே கத்தரிப்பார். "பிள்ளையள் வளருந்தானே" என்பார். அம்மாவுக்கு அது பிடிக்காது.

சண்டை நெருங்கி ஊரே வெளிக்கிட்ட அன்று, அப்பா சைக்கிளில் அந்தத் திறப்புப் பலகையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அம்மாவுக்கு வந்த கோபம் சொல்லி மாளாது.

"சனம் அரிசியைக் கட்டுது, உங்களுக்கு உந்தப் பலகையோ?"

"பூட்டின கடையைத்தானப்பா உடைப்பாங்கள். திறந்து கிடந்தால் சாமானோடை போவாங்கள், கட்டடம் தப்பும். திரும்பி வந்து பூட்ட இது வேணும்."

சாமான் போனால் போகட்டும், கட்டடம் நின்றால் மறுபடி கடை போடலாம் என்பதுதான் அவருடைய நம்பிக்கை முழுவதும். போன இடமெல்லாம் அந்தப் பலகையும் வந்தது. அதன் மேல் நாங்கள் சாப்பிட்டோம், நான் பாடம் எழுதினேன், அம்மா திட்டிக்கொண்டே மரக்கறி வெட்டினாள்.

திரும்பி வந்தபோது மாடி இல்லை. ஷெல்லுக்குப் பூட்டிய கடையும் ஒன்றுதான், திறந்த கடையும் ஒன்றுதான். எங்கள் வாசலின் நிலை மட்டும் தனியே நின்றது. அப்பா கீழ்த் தவாளிப்பில் அடைந்திருந்த மண்ணை விரலால் தோண்டி எடுத்துவிட்டு, பலகையை நிறுத்தினார். பிறகு அதைக் கழற்றி நிலையோடு சாத்தி, போத்தல் தண்ணீரை வாசலில் தெளித்தார்.

"கடை திறந்தாச்சு. இஞ்சாரும், நீர்தான் முதல் ஆள். என்ன வேணும்?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"பிள்ளைக்கு ஒரு பாவாடைத்துணி வெட்டுங்கோ" என்றாள்.

அப்பா வெறுங்கையால் காற்றை அளந்தார். அளந்து முடித்து, ஒரு சாண் கூட்டி, இரண்டு விரலால் கத்தரித்து நீட்டினார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி மடித்தாள். மூவரும் அழுதோம்.

வெளிநாட்டிலிருந்த பென்சனியரின் பிள்ளைகள் பிறகு இடத்தை விற்றார்கள். அப்பா அங்கே மறுபடி கடை போடவேயில்லை; பலகை எங்கள் வீட்டோடு தங்கிவிட்டது. இப்போது அவரும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி போட்ட பெரிய புடவைக்கடை நிற்கிறது. போன கிழமை என் மகளுக்குப் பாவாடைத்துணி வாங்க முதல் தடவையாக அதற்குள் போனேன். கதவு தானாகத் திறந்தது. வேலைக்கு நின்ற ஒரு பிள்ளை சிரித்த முகத்தோடு அளந்து வெட்டித் தந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து திறப்புப் பலகையின் மேல் துணியை விரித்து அளந்து பார்த்தேன். கேட்ட அளவுதான் இருந்தது.