மூக்கு செத்தவள் காபி மலைக்குப் போன கதை

இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். 2004 மார்ச்சில் கிளம்பும்போது சிரிப்பு வரவில்லை. பெங்களூரில் காபி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ருசி பார்ப்பது என் வேலை. ஒரு சளிக் காய்ச்சலோடு மோப்பம் போய்விட்டது. மோப்பம் போனால் ருசியும் போச்சு. காபியும் வெந்நீரும் ஒன்றுதான். ஆபீசில் மூச்சுவிடவில்லை. திங்கட்கிழமை புது அறுவடை மாதிரிகள் வரவிருந்தன. மூக்கில்லாத ருசிக்காரிக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

"காபிப் பூ வாசம் ஊரையே தூக்குமாம். சிக்மகளூர் போய்ட்டு வரலாம், வா" என்றார் கணவர். அவருக்கு ஊர் சுற்ற ஒரு சாக்கு.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். சுமார் 250 கிலோமீட்டர், ஆறு மணி நேரம், தலைக்கு நூற்றிருபது ரூபாய். அங்கிருந்து பாபாபுடன்கிரிக்கு ஜீப், போக வர அறுநூறு. இந்தியாவில் முதன்முதலில் காபி முளைத்த மலை என்று சொல்வார்கள்.

ஜீப் ஓட்டிய முருகேசன் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "அரபு நாட்டுல பச்சை விதைய வெளிய வுட மாட்டாங்க மேடம். வேற எங்கயும் மொளைக்கக் கூடாதுன்னு வறுத்தோ வேக வெச்சோதான் விப்பாங்க. மெக்காவுக்குப் போன பாபாபுடன் சாமியார் ஏமன்லருந்து ஏழே ஏழு விதைய இடுப்புல கட்டிக்கினு வந்துட்டாரு" என்றார்.

எத்தியோப்பியாவில் ஆடு காபிப் பழம் தின்று துள்ளியதால்தான் உலகத்துக்கே காபி தெரியவந்தது என்ற கதையை நான் நம்புவதில்லை. இதை நம்பிவிட்டேன். காவல்காரர்கள் முன்னால் அந்தத் துறவியும் என்னைப் போலத்தான் ஒன்றும் தெரியாத முகத்தோடு நின்றிருப்பார்.

சரிவு முழுக்க வெள்ளைப் பூ. "மல்லி மாதிரியே இருக்குடி!" என்று கணவர் சொக்கிப்போனார். நான் கொத்துக்குள் மூக்கை விட்டு இழுத்தேன். தேனீ விரட்டியதுதான் மிச்சம். கோபமாக வந்தது, அவர் மேல்தான்.

ஞாயிறு மாலை மெஜஸ்டிக்கில் இறங்கி, ஆட்டோ பிடிக்க ஒரு மதில் ஓரமாக நடந்தோம். குப்பென்று மூத்திர நாற்றம். நின்றேன். இன்னொரு முறை நன்றாக இழுத்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா அழுவுற?" என்றார் ஆட்டோக்காரர்.

"நாத்தம் அடிக்குதுங்க!"

"இங்க என்னிக்கு அடிக்கல? மூக்கைப் பொத்திக்கினு ஏறும்மா."

நான் பொத்தவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: முதல் மழை விழுந்து எட்டு, ஒன்பது நாளில் பூக்கும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அங்கே யாரிடமாவது விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். மேலே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பூதான் குணப்படுத்தியதா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கணவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

திங்கட்கிழமை மூன்றாவது கோப்பையில் பூஞ்சை வாடை. துப்பிவிட்டு, "இது வேண்டாம்" என்றேன். கெட்டுப்போன காபிக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.