பப்புவா நியூகினிச் சுவர்களில் என் கை

பப்புவா நியூகினியை அவுஸ்திரேலியா ஆண்ட கடைசிக் காலம். அங்குள்ள சனங்களுக்கு வாக்களிக்கும் முறையை விளக்கும் அரசாங்கச் சுவரொட்டிகள், சிட்னியில் நான் வேலை செய்த அச்சகத்தில்தான் அடிக்கப்பட்டன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே மை காணாது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கும் தற்காலிக வேலைதான். நிரந்தரமாக்கினால்தான் யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியைக் கூப்பிடலாம்.

ஒருநாள் தகவல் இலாகா அதிகாரி படமொன்றோடு வந்தார். பெட்டிக்குள் சீட்டுப் போடும் ஒரு கை. வெள்ளைக்காரக் கை. இதைப் பார்த்தால், வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் வாக்கு என்று அந்தச் சனம் நினைக்காதா? அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அச்சகத்தில் கறுத்த கை என்னுடையது ஒன்றுதான். மையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

மணிக்கட்டில் நூல் இருந்தது. நான் புறப்பட்ட அன்று மனைவி கோயிலில் நேர்ந்து கட்டுவித்தது. அதிகாரி கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஐயா, கையை வெட்டினாலும் நூலை வெட்ட விடமாட்டன்."

முதலாளி என் காதுக்குள் குனிந்தார். அவருடைய இங்கிலீசை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்: "விசர் வேலை பாக்காதை. அந்தாளுக்குக் கோபம் வந்தா உன்ரை வேலை போயிடும்."

நான் அசையவில்லை. சுவரொட்டிகள் போகும் விமானத்துக்கு நேரம் நெருங்கிவிட்டதால் நூலோடேயே படமெடுத்தார்கள்.

சில கிழமைகள் கழித்து அதிகாரி ஒரு தந்தியோடு திரும்பி வந்தார். அங்கே தேர்தல் நடத்தப் போயிருந்த வெள்ளைக்கார உத்தியோகத்தர் ஒருவர் கேட்டிருந்தார்: பெட்டி வந்தது, சீட்டு வந்தது, வாக்காளருக்குக் கட்டும் நூல் இன்னும் வரவில்லை; எந்தக் கையில் கட்டுவது?

முதலாளியின் முகம் வெளிறியது. வேலை போனால் மனைவிக்கு என்ன எழுதுவது என்று நான் யோசித்தேன். அதிகாரியோ வாய்விட்டுச் சிரித்தார்.

"நாங்கள் இவ்வளவு நாளும் அனுப்பினதை எங்கடை உத்தியோகத்தரே திரும்பிப் பாக்கேல்லை. இதை உற்றுப் பாத்திருக்கினம். அடுத்த சுவரொட்டிகளுக்கும் இந்தக் கைதான் வேணும். ஆளை விட்டிடாதேங்கோ."

அந்தக் கிழமையே என்னை நிரந்தரமாக்கினார்கள். பிறகு வந்த சுவரொட்டிகளில் மலேரியாவுக்கு விழுங்கும் குளிசை, கை கழுவும் சவர்க்காரம் எல்லாம் பிடித்த கை இது. அந்த நாட்டு மந்திரிமாருக்குக்கூட இத்தனை சுவர் கிடைத்திராது.

மனைவி வந்திறங்கியதும் முதல் வேலையாகக் குசினிச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைக் காட்டினேன்.

"கையை மட்டும்தானே போட்டிருக்கினம்?"

"ஓம். ஏன்?"

"உங்கடை முகத்தையும் போட்டிருந்தா ஒரு சனமும் வோட்டுப் போட வந்திராது," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தாள்.