வெர்னா ஹூடாக் பாதியில் திரும்பிய பயணம்

எங்கள் ஊர் பெல் ஹாலோ தபால் நிலையத்தில் வெர்னா ஹூடாக் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவார். தராசு பிறகுதான் ஆமாம் என்று சொல்லும். ஓய்வு பெற்ற மறு வருஷம் நெஞ்சில் அடைப்பு வந்து, பிட்ஸ்பர்க் மருத்துவமனையில் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். வெர்னாவுக்கு நடப்பது ஆகாது. அதனால் என் கடைக்கு வந்தார்.

என் சைக்கிள் கடை பழைய சரக்கு நிலையத்தில் இருக்கிறது. வாசலிலேயே பாதை. ஒரு காலத்தில் நிலக்கரி ரயில் போன தடம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புக்கல் பொடியைப் பரப்பி சைக்கிள் பாதையாக்கி விட்டார்கள். ஆற்றை ஒட்டியே போய், மலை முகட்டைத் தாண்டி, நூற்றைம்பது மைலில் மேரிலாண்டில் முடிகிறது. கோடை வந்தால் எங்கெங்கிருந்தோ வந்து ஓட்டுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் மட்டும் ஐந்து மைல் போய் ஐஸ்கிரீம் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம்.

"முழுசா போகணும், ஓரின். மாக்சினும் நானும்," என்றார் வெர்னா என்னிடம்.

மாக்சின் டுகன் அவருடைய நாற்பது வருஷத் தோழி. பள்ளிச் சமையற்கூடத்தில் இருந்தவர். வெர்னாவைவிட ஒரு வயது பெரியவர், ஒரு சாண் அதிக உயரம், வாய் பத்து மடங்கு. இருவரும் ஒரே மாதிரி இரும்புச் சட்ட சைக்கிள் வாங்கினார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வெர்னாவின் சமையலறை மேசைதான் பணிமனை. தபால் நிலையம் கழித்துக்கட்டிய தராசு ஒன்றை அவர் வாங்கி வைத்திருந்தார். கூடாரம், அடுப்பு, மழைச்சட்டை, கம்பளிக் காலுறை என ஒவ்வொன்றும் அதில் ஏறி இறங்கியது. சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பொரித்த வெங்காயம் போட்ட பியரோகிக் கொழுக்கட்டை கிடைக்கும் என்பதால் நானும் போய்விடுவேன்.

"முன்னாடி ரெண்டு பை, பின்னாடி ரெண்டு பைன்னு நாலு எதுக்குடி?" என்பார் வெர்னா. "பை இருந்தா சாமான் தானா வந்து நிறைஞ்சுக்கும். பின்னாடி ரெண்டு போதும்."

"எனக்கு அந்தச் சிவப்புப் பை வேணும்."

"சிவப்பு அரை பவுண்டு அதிகம்."

"நானும்தான் அதிகம். என்னையும் தராசுல ஏத்திப் பாரேன்," என்பார் மாக்சின். மேசை அதிரச் சிரிப்பார்கள்.

பிப்ரவரியில் இரண்டு சைக்கிளையும் வெறுமனே தூக்கி எடை போட்டார் வெர்னா. ஒவ்வொன்றும் இருபத்தொன்பது பவுண்டு. மேடேறும்போது மிதிக்க லேசாக இருக்கட்டும் என்று, பின்னால் பெரிய பல்சக்கரம் வைத்துக் கொடுத்தேன். ரயில் ஏறிய மேடு கண்ணுக்குத் தெரியாது. தொடைக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச்சில் ஒரு காலை மாக்சின் தனியாக வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே பின்சக்கரத்தின் நடுவில் பொருத்தும் சின்ன மோட்டார். அதன் பாட்டரி தண்ணீர்ப் புட்டி வடிவத்தில் இருந்தது. சட்டத்தில் மாட்டினால் புட்டி என்றுதான் நினைக்கத் தோன்றும்.

"என் முட்டி போச்சு, ஓரின். மோட்டார் விஷயத்த வெர்னாகிட்ட இப்போ சொல்லாதே. தெரிஞ்சா பயணமே வேணாம்னுடுவா. முதல் நாளே நானே சொல்லிடறேன்."

மாட்டிக் கொடுத்தேன். பக்கப்பை தொங்கினால் மோட்டார் வெளியே தெரியவே தெரியாது. நல்ல வேலை செய்தோம் என்று அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மே மாதம் புறப்பட்டார்கள். முட்டியைக் காரணம் காட்டி, கூடாரத்தையும் அடுப்பையும் வெர்னாவின் தலையில் கட்டியிருந்தார் மாக்சின். மூன்றாம் நாள் மதியம் என் கைபேசி ஒலித்தது. வெர்னா.

"வேன் எடுத்துட்டு வர்றியா? என்னால முடியல."

ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போனேன். முகட்டுக்குப் பதினெட்டு மைல் இருக்கையில், பாதையோரம் ஒரு மரக்கொட்டகை. பெஞ்சில் வெர்னா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாக்சின் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்தப் பாரு, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கு," என்றார் என்னிடம். பிறகு வெர்னாவிடம், "வீம்பு வேணாம்டி. நெஞ்சு சமாசாரம். நீ வீட்டுக்குப் போ. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நான் முடிச்சுட்டு வர்றேன்."

நான் மாக்சினைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மோட்டாரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. கூடாரத்தையும் அடுப்பையும் மாக்சின் தன் பைக்கு மாற்றிக்கொண்டதும், வெர்னாவின் சைக்கிளை வேனில் ஏற்றினேன். மாக்சின் கையசைத்துவிட்டு மேட்டில் ஏறிப் போனார், இறக்கத்தில் இறங்குகிறவர் மாதிரி.

 வேனில் வெர்னா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டார்.

"அவ என்னைவிட ஒரு வயசு பெரியவ. முட்டி வேற சரியில்ல. பாட்டுப் பாடிக்கிட்டே ஏறறா, ஓரின். எனக்கு மூச்சு வாங்கறது நிக்கல. எப்படி?"

"ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி," என்றேன்.

"நேத்து ராத்திரி மரண பயம் வந்துடுச்சு. மகளுக்குக் கடுதாசி எழுதி வெச்சேன். தெரியுமா?"

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாய்வரை வந்தது. அடுத்தவர் ரகசியம், அவரே சொல்லட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன். அந்த மோட்டாரை மாட்டியது யார் என்று கேட்பாரே.

ஜூனில் வெர்னாவை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுச் சோதித்தார் டாக்டர். இதயம் நன்றாக இருக்கிறது என்றார். "அப்போ எனக்கு என்ன?" என்று கேட்டதற்கு, "வயசாகுதுல்ல," என்றாராம். அதை வெர்னா நம்பிவிட்டார். சைக்கிளைக் கொண்டு வந்து, "யாராவது கேட்டா குடுத்துடு," என்றார். ஐஸ்கிரீம் வரை ஓட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். நான்கு மாதத்தில் மாடிப்படி ஏறவே கைப்பிடியைத் தேடும் ஆளாக மாறினார். யாரும் எதுவும் செய்யவில்லை. தன்னால் முடியாது என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம், ஊர்க் கூட்டங்கள் நடக்கும் தீயணைப்புக் கூடத்தில் மாக்சின் தன் பயணத்தைப் பற்றிப் பேசினார். எண்பது பேர் இருந்தோம். திரையில் படங்கள், மேடையில் கொடி கட்டிய சைக்கிள். வெர்னா வால்நட் சுருள் ரொட்டி செய்து கொண்டு வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அறுபத்து மூணு வயசு, ரெண்டு காலு, வேறெதுவும் இல்ல," என்றார் மாக்சின். "முகட்டுல நின்னு வெர்னாவ நெனச்சு அழுதேன்." எல்லோரும் கை தட்டினார்கள். வெர்னாவும் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் ரொட்டி மேசைப் பக்கம் நகர்ந்ததும், சைக்கிளைப் படி இறக்க மாக்சின் என்னைக் கூப்பிட்டார். நான் எட்டுவதற்குள் வெர்னா பின்சக்கரத்தின் பக்கம் கை கொடுத்துவிட்டார். தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"இது நாப்பது பவுண்டு," என்றார்.

"கொடியெல்லாம் இருக்குல்ல," என்று சிரித்தார் மாக்சின்.

வெர்னா குனிந்து புட்டியை உருவப் பார்த்தார். வரவில்லை. பூட்டியிருந்தது. அடியில் ஓடிய கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே பின்சக்கரம்வரை போனார். அப்படியே நிமிர்ந்தார்.

"இது என்னடி?"

"முட்டிக்காகத்தான்... நீ வேணாம்னு சொல்லியிருப்பே..."

"மோட்டார் வெச்சா என்னடி தப்பு? பத்து மோட்டார் வெச்சுக்கோ. நான் சாகப் போறேன்னு நெனச்சேன். நீ என் பக்கத்துல உக்காந்து, என் நாடியப் பிடிச்சுப் பாத்தே."

மாக்சின் சைக்கிளில் கட்டிய கொடியை அவிழ்க்கத் தொடங்கினார்.  

வெர்னா என் பக்கம் திரும்பினார். "இது உன் வேலைதானே? கம்பிய இவ்வளவு சுத்தமா ஊருல வேற யாரும் கட்ட மாட்டாங்க."

"ஆமா."

"எப்போ?"

"மார்ச்சுல."

அவர் கணக்குப் போட்டார். அது முகத்தில் தெரிந்தது. "வேன்ல நான் கேட்டேன்."

"கேட்டீங்க."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். வெட்டாத ரொட்டி ஒன்று மேசையில் அப்படியே கிடந்தது. பிறகு அதை யாரும் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். "என் சைக்கிள்." எடுத்துக் கொடுத்தேன். சங்கிலிக்கு எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்றேன். கேட்காதவர் போலத் தள்ளிக்கொண்டு போனார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாட்டரிக்காக நாற்பது வருஷ நட்பை முறிப்பதா என்றார்கள் சிலர். நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே ஏமாற்றியது தகுமா என்றார்கள் மற்றவர்கள். தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் இருவரும் வேறு வேறு மூலையில் உட்கார்ந்தார்கள். மாக்சின் மூன்று முறை வெர்னாவின் வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. மூன்று முறையும் கதவு திறக்கவில்லை.

அடுத்த மே மாதம் வெர்னா தனியாகக் கிளம்பினார். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. முகட்டுக்கு அந்தப்புறம் கூடாரத்திடல் நடத்தும் பெண்மணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாராம். மேட்டில் மூச்சு வாங்கியதாம். வாங்கும்போதெல்லாம் இறங்கி நின்று, சரியானதும் மறுபடி ஏறி மிதித்தாராம். முகட்டில் படம் எடுத்துத் தரட்டுமா என்று யாரோ கேட்டதற்கு, வேண்டாம் என்றிருக்கிறார்.

ஜூன் முதல் வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். வலைக்கதவுக்கு அந்தப்புறம் நின்றார். திறக்கவில்லை.

"முடிச்சுட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம்," என்றேன். "மன்னிச்சுடுங்க, வெர்னா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்."

"சைக்கிள எப்போ வேணாலும் கொண்டு வாங்க. பாத்துத் தர்றேன்."

அவர் பார்வையில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தேவலை.

"நீ கெட்டவன் இல்ல, ஓரின். அது எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா என் பிரேக்க உன் கையில குடுக்க மாட்டேன்."

இப்போது நாற்பது நிமிஷம் கார் ஓட்டிப் பக்கத்து ஊர் சைக்கிள் கடைக்குப் போகிறார். வாரத்தில் மூன்று காலை என் வாசலைக் கடந்து சைக்கிள் ஓட்டுகிறார். நான் கையசைப்பதில்லை. அவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.