மூடியில் எழுதிய பெயர்

திண்டிவனம் சாலையில் எங்கள் மருந்துக் கடைக்கு மேல்மாடியில்தான் லேப். அங்கே பதினாறு வருடமாக வேலை பார்ப்பவள் ஜெயக்கொடி. அவளுக்கு வாய் நீளம் என்று செஞ்சியில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இந்த ஊருக்கு அந்த நீளம் போதாது.

இரண்டு வருடம் முன்பு சொந்த லீவைப் போட்டு, சென்னையில் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போய் வந்தாள். புற்றுநோய் சந்தேகத்தில் உடம்பிலிருந்து எடுக்கும் சதைத் துணுக்கை எப்படிப் பத்திரமாகப் பரிசோதனைக்கு அனுப்புவது என்பதுதான் பாடம். துணுக்கு கெடாமலிருக்க ஃபார்மலின் தாராளமாக ஊற்ற வேண்டும். நோயாளியின் பெயரைப் பாட்டிலின் மேல் எழுத வேண்டும், மூடியில் எழுதவே கூடாது. மூடி கழன்று வரும் அல்லவா?

எங்கள் ஊரிலோ காலங்காலமாக மூடியில் பிளாஸ்திரி ஒட்டி அதில்தான் எழுதுவார்கள். மேலேயிருந்து பார்த்தாலே பெயர் தெரியுமாம். அப்படி வந்த பாட்டில்களை ஜெயக்கொடி திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள்.

"நீ இன்னா டாக்டரா? வீடு தேடி வர்ற பிசினஸ திருப்பி அனுப்பிகினு இருக்கிற!" என்று லேப் முதலாளி தாண்டவராயன் கத்துவது கீழே எனக்குக் கேட்கும். அவள் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

போன ஆனி மாதம் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து இரண்டு பாட்டில் வந்தன. இரண்டிலும் மார்புக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த துணுக்குகள்; ஒன்று உள்ளூர்ப் பெண்ணுடையது, மற்றது பக்கத்துச் சிங்கவரத்து அம்மாவுடையது. வழக்கம்போல மூடியில்தான் பெயர். சென்னைக்குப் பார்சல் கிளம்பும் நேரம். சரி, நாமே பாட்டிலில் எழுதிவிடலாம் என்று அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தாள். ஃபார்மலின் குறைவாக இருந்ததால் இரண்டையும் ஒன்றாகத் திறந்து ஊற்றினாள். அந்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட, போய்விட்டு வந்தால் இரண்டு மூடியும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. எது எதனுடையது என்று தெரியவில்லை.

ஊருக்குத்தான் உபதேசம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டாள். யாருக்கு எத்தனை துணுக்கு எடுத்தோம் என்று அங்கே ஒருவரும் குறித்து வைக்கவில்லை.

தாண்டவராயன் பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தார். "இதுல அஞ்சு, அதுல மூணு. சிங்கவரத்து அம்மாவுக்குத்தான் பெரிய கட்டி. அஞ்சு அவங்களுது. மூடி அனுப்பு."

"மாறிப் போச்சுன்னா ஒருத்திக்கு சும்மா கெடந்த மாரை அறுத்துடுவாங்க. இன்னொருத்தி நோயோட வூட்டுக்குப் போயிடுவா. நான் அனுப்ப மாட்டேன் சார்."

"வெளிய தெரிஞ்சா உன் வேலை போவும்."

"போவட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்கள் நிறைந்த ஊரில், அவள் பதிவேட்டில் 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஸ்கூட்டியை எடுத்தாள். கடை வாசலில் நின்ற எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. எங்கள் கடைக்கும் கட்டடச் சொந்தக்காரர் தாண்டவராயன்தான், அதனால் தட்டவில்லை.

முதலில் பஜாருக்குப் பின்தெருவில், அந்த உள்ளூர்ப் பெண் ஜாஹிதா பேகம் வீடு. அவர் அழுதார், பிறகு மறுபடி ஊசி போட்டுக்கொள்ள வருகிறேன் என்றார். அடுத்தது சிங்கவரம். பெரிய கட்டிக்கார அம்மாக்கண்ணு மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் ஊசியா? கட்டையில போறவளே, மொத ஊசி வலியே இன்னும் போவல!" கொல்லையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"திட்டுங்கக்கா. நான் செஞ்சது தப்புதான். ஆனா வந்துடுங்க. இல்லன்னா இன்னொரு அம்மாவோட ரிசல்ட்டு உங்க பேர்ல வந்துடும்."

அம்மாக்கண்ணு களைக்கொத்தைக் கீழே போட்டார். "செத்தாலும் என் நோயில நான் சாவறேன். ஊரான் நோயில ஏன் சாவணும்? எப்ப வரணும் சொல்லு."

நர்சிங் ஹோமில் இரண்டாம் முறை ஊசி போடும்போது ஜெயக்கொடி பக்கத்திலேயே நின்றாள். ஊசிக்கு முன்பே பாட்டிலில் பெயர் எழுதி, மூடியில் ஏன் எழுதக்கூடாது என்றும் சொல்லி, அந்தந்தப் பெண் கையிலேயே கொடுத்துக் காட்டினாள். டாக்டர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

பத்து நாளில் முடிவு வந்தது. அம்மாக்கண்ணுவுக்குப் புற்றுநோய். ஜாஹிதா பேகத்துக்கு இல்லை.

"பாத்தியா? பெரிய கட்டிக்காரங்களுக்குத்தான் நோய். நான் சொன்ன மாதிரிதான் ஆச்சு" என்றார் தாண்டவராயன்.

"அந்த அஞ்சு துண்டு யாருதுன்னு இன்னிக்கும் நமக்குத் தெரியாது சார்" என்றாள் ஜெயக்கொடி. பயிற்சி பெற்ற வேறு ஆள் கிடைக்காததால் அவளை வேலையை விட்டு நிறுத்தவும் அவரால் முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்த அம்மாக்கண்ணு மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வந்தார். இளைத்திருந்தார், குரல் இளைக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ், அறுத்தெடுக்கும் சதையைப் போட ஒரு பாட்டிலை எடுத்து மூடியில் பெயர் எழுதப் போனாளாம். இவர் படுத்தபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"மூடில எழுதாத. பாட்டில்ல எழுதுன்னேன். உனக்குப் படிக்கத் தெரியுமாம்மான்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"படிக்கத் தெரியாது. மூடி எது, பாட்டில் எதுன்னு தெரியும்னேன். எழுதுற வரைக்கும் கைய விடல."