ஐம்பது தடவை மிஸரி

நான்காம் வகுப்புக் காலாண்டு லீவில் என்னை வடமதுரைக்கு, சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மாவின் தங்கையான அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. திண்டுக்கல்லிலிருந்து அம்மா போன் செய்தால் சித்தியின் மாமியார்தான் எடுப்பார். ஸ்பீக்கரில் போட்டுத் தன் மடியிலேயே வைத்துக்கொள்வார். சித்தி தள்ளி நின்று, "நல்லாருக்கேன்க்கா" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா லாரியில் வெளியூர் போயிருந்தார். எனக்காகத் தினமும் கோழிக்குழம்பு. சித்தி தட்டில் மட்டும் முந்தின நாள் சோறு. கேட்டதற்கு, "எனக்குக் கறி சேரல" என்றாள்.

நான் கிளம்ப வேண்டிய நாள் காலையில் சித்தி என் இங்கிலீஷ் நோட்டை எடுத்து ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தாள். மிஸரி. ஐம்பது தடவை எழுதச் சொன்னாள். எழுதி முடித்ததும், கடைசியில் சேர்க்கச் சொல்லி எழுத்து எழுத்தாக மெதுவாகச் சொன்னாள்: ஐ லிவ் இன் மிஸரி. கம் சூன்.

"அர்த்தம்?"

"அத உங்கப்பாட்டக் கேளு. இன்னைக்கே காட்டிக் கையெழுத்து வாங்கிரணும்."

பையை மூடும்போது மாமியார் வந்து நோட்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இங்கிலீஷ் தெரியாதவர் ஏன் இவ்வளவு நிதானமாகப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"என்னத்தா இது, ஒன்னையே திரும்பத் திரும்ப எழுதிருக்க?"

"மிஸரி."

"அப்புடின்னா என்னா?"

அடுப்படி வாசலில் நின்ற சித்தி அசையவில்லை. கையிலிருந்த கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. நானோ வகுப்பில் இரண்டாவது ரேங்க். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மூக்கில் கோழிக்குழம்பு வாசனை.

"விருந்து" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இந்த வீட்ல ஒங்க சித்திக்குத் தெனமும் மிஸரிதான்னு சொல்லு."

"ஆமா அத்தை" என்றாள் சித்தி.

மதியம் அப்பா அழைக்க வந்தார். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்குக் காபி கொடுத்து அனுப்பி வைத்தார். சித்தி என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கையெழுத்துக்காக நோட்டை நீட்டினேன். அப்பா கூரியர் ஆபீசில் வேலை பார்த்தார். முகவரிகளை வாசிக்கும் வேகத்திலேயே எதையும் வாசிப்பார். அன்று ஒரு வரியை வெகுநேரம் வாசித்தார்.

"இத யாரு எழுதச் சொன்னது?"

"சித்தி."

கையெழுத்துப் போடாமல் எழுந்து அடுப்படிக்குப் போனார். உள்ளே அம்மா ஏதோ கேட்டாள். பிறகு பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. ஸ்பெல்லிங் தப்பு என்று முடிவுசெய்து, அடி விழும் என்று கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் தேடவில்லை. வாசலில் ஆட்டோ கிளம்பும் சத்தம்தான் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா வந்து என்னைக் கூட்டிப்போய்த் தோசை கொடுத்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அப்பாவும் அம்மாவும் ஆட்டோவில் திரும்பினார்கள். நடுவில் சித்தி. கையில் ஒரு துணிப்பை மட்டும். அம்மா அவள் முழங்கையைப் பிடித்திருந்த பிடியை வீட்டுக்குள் வந்த பிறகும் விடவில்லை.

அன்று படுத்த சித்தி மறுநாள் மதியம் வரை எழவில்லை. டிவி போட்டால் அம்மா அணைத்தாள். குக்கர்கூட வைக்கவில்லை. என் லீவில் மிச்சமிருந்ததே இரண்டு நாள்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

"சித்தி ரொம்பச் சோம்பேறியாயிட்டாங்கம்மா" என்றேன்.

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. சித்தியின் காலைப் போர்வையால் மூடிவிட்டு, என்னை வெளியே போய் விளையாடச் சொன்னாள். ஒரு மனுஷி பட்டப்பகலில் அப்படித் தூங்குவதில் அம்மா அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.